வினைச்சொல் பட்டியல்

"புரிந்துகொள்வார்" என்று எழுதக் கூடாதாம்.
"உணர்வார்" கூடாது, "அறிவார்" கூடவே கூடாது.
அடிக்கோல் வைத்து அளக்க முடியாதவையாம் அவை.
அங்கீகாரக் குழு அனுப்பிய பட்டியலில்
அறுபத்திரண்டு வினைச்சொற்கள்:
எழுதுவார், எண்ணுவார், நிரப்புவார்,
வரிசைப்படுத்துவார், சுட்டிக்காட்டுவார்.
ஒன்றை எடு, ஒரு சதவீதம் சேர்,
ஒரு தேதி போடு.
கற்றல் விளைவு தயார்.

மாட்டுங்கா லேபர் கேம்ப், முனிசிபல் பள்ளி, இரண்டாம் மாடி.
பகலில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில்
இரவு எட்டரைக்கு மேல்
முழங்கால் இடிக்க இருபது பேர்.
கிரைண்டரை நிறுத்திவிட்டு
மாவு காய்ந்த முழங்கையோடு வரும் இசக்கியம்மாள்.
தோல் பட்டறை நாற்றத்துக்கு
தினமும் மன்னிப்புக் கேட்டபடி நுழையும் பீர் மைதீன்.
முறுக்குச் சுற்றிய விரலால்
'ஞ'வை மட்டும் ஒரே சுற்றில் முடிக்கும் பேச்சித்தாய்.

விளைவு எண் மூன்று:
மார்ச் முப்பத்தொன்றுக்குள்
கற்போரில் எண்பது சதவீதத்தினர்
தம் பெயரைப் பிழையின்றிக் கையெழுத்திடுவர்.

எழுபது போடு என்றாள் சுலபா கராத்,
மராத்திப் பிரிவு ஆசிரியை, ஒன்பது வருட அனுபவம்.
எண்பது போட்டேன்.
இருபதில் பதினாறு. பேராசைதான்.

வைத்யா மேடம் தாணேயிலிருந்து வந்தார்.
ஆளுக்கு அரைத்தாள் கொடுத்தார்.
நான்கு பேர் அன்று இல்லை.
மூவருக்கு ஓவர்டைம்,
ஒருவர் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தாவைப் பார்க்க
நாகர்கோவில் எக்ஸ்பிரஸில்.
பதினைந்து பேர் போட்டுக் கொடுத்தார்கள்.
இசக்கியம்மாள் தேதியும் சேர்த்துப் போட்டாள்.

பதினாறாவது, பேச்சித்தாய்.
மூன்று ஒற்று உள்ள பெயர்,
ஒன்றைக்கூடத் தவறவிடாதவள்.
தாளைத் திருப்பினாள். மறுபடி திருப்பினாள்.
"மேல ஒண்ணும் எழுதலியே?"
பெயர் மட்டும் போதும் என்றார் மேடம் இந்தியில்.
தமிழில் சொன்னேன்.
"வெத்துப் பேப்பர்ல நான் போட மாட்டேன்."

முன்பொரு வெற்றுத்தாளில் அவள் வைத்த கட்டைவிரல்
மச்சு அறையை மைத்துனன் பேருக்குக் கொண்டுபோயிற்று.
நவம்பரில் அவள் அதைச் சொன்ன அன்று
பாடத்தை நிறுத்திவிட்டுக் கரும்பலகையில் எழுதினேன்:
எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதே.
எல்லோரும் பத்து முறை எழுதினார்கள்.
கையெழுத்து அழகாக இருந்தது என்று
எல்லோருக்கும் சரி போட்டேன்.

மேடம் நல்லவர். மூன்று முறை கேட்டார்.
பிறகு கட்டத்தில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி.
எழுபத்தைந்து சதவீதம்.
இலக்கு எட்டப்படவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில்,
குருநானக் ஸ்டேஷன் படிக்கட்டில்தான்
அது என்னைத் தைத்தது:
பதினைந்து பேர்
முன்பின் தெரியாத ஒருத்தியிடம்
வெற்றுத்தாளில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.
பக்கத்தில் நின்று நான் தலையாட்டியிருக்கிறேன்.

அடுத்த ஆண்டுக்கான படிவத்தில் எழுதினேன்.
விளைவு எண் மூன்று, திருத்தப்பட்டது:
கையெழுத்துக் கேட்டால் தாளின் இரு பக்கமும் பார்ப்பார்.
எதற்கு என்று கேட்பார்.
எழுதாத தாள் என்றால் மறுப்பார்.
தற்போதைய நிலை: பதினாறில் ஒருவர்.

'மறுப்பார்' பட்டியலில் இல்லை.
இரண்டு முறை தேடினேன்.
'மதிப்பிடுவார்' இருக்கிறது, 'மனனம் செய்வார்' இருக்கிறது.

இன்று காலை அலுவலகத்திலிருந்து போன்.
ஒரு ஆளுக்காக ஏன் மேடம் அங்கீகாரம் தள்ளிப் போகணும்,
கடைசிப் பக்கத்தில் கையெழுத்தை மட்டும் போட்டு அனுப்புங்க,
சதவீதக் கட்டம் காலியாவே இருக்கட்டும்,
நாங்க நிரப்பிக்கிறோம்.

நல்ல மனசோடுதான் சொன்னார்.
போன் இன்னும் காதில் இருந்தது.
தாளைத் திருப்பிப் பார்த்தேன்.